கருவிக்கும் ஒரு கடவுச்சீட்டு

ஒரு வயலின் வில்லின் எடை ஏறக்குறைய 60 கிராம்தான். அதற்குள் மூன்று கண்டங்கள் அடங்கிவிடுகின்றன. தண்டு, பிரேசில் நாட்டுப் பெர்னம்புகோ மரம். குதிரைமயிரை இழுத்துப் பிடிக்கும் அடிக்கட்டை, ஆப்பிரிக்காவிலோ இலங்கையிலோ வளர்ந்த கருங்காலி. அந்தக் கட்டையின் பக்கத்தில் மின்னும் வட்டம், கடற்சிப்பி. கட்டைவிரல் படும் இடத்தில் சுற்றியிருப்பது பல்லியினத் தோலாக இருக்கலாம். வில் பழையதாக இருந்தால், நுனியில் ஒட்டிய வெள்ளைத் தகடு யானைத் தந்தமாகவும் இருக்கக்கூடும். கச்சேரி மேடையில் யாரும் இதையெல்லாம் பிரித்துப் பார்ப்பதில்லை. சுங்க அதிகாரியின் மேசையில் ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கேள்விக்கு வரும்.

2014-இல் புடாபெஸ்ட் ஃபெஸ்டிவல் ஆர்க்கெஸ்ட்ரா நியூயார்க்கில் வாசிக்க வந்தபோது இதுதான் நடந்தது. ஜான் எஃப். கென்னடி விமான நிலையத்தில் ஏழு வில்களை அதிகாரிகள் எடுத்து வைத்துக்கொண்டார்கள். நுனித் தகட்டில் தந்தம் இருக்கிறது என்ற சந்தேகம். கலைஞர்கள் இரவல் வில்களைக் கொண்டு கச்சேரியை முடித்தார்கள். 525 டாலர் அபராதம் கட்டிய பிறகு வில்கள் திரும்பக் கிடைத்தன. உலகப் புகழ் பெற்ற குழு, தேர்ந்த நிர்வாகம், முன்கூட்டியே திட்டமிட்ட பயணம் எல்லாம் இருந்தும் சிக்கியது ஒரு நகத்தின் அளவுகூட இல்லாத தகட்டில்.

அன்று சிக்கல் தந்தத்தால் வந்தது. மூன்றாண்டுகள் கூட ஆகவில்லை, மரமும் அந்த வரிசையில் சேர்ந்தது. 2017 ஜனவரி 2 முதல் உலகின் எல்லா ரோஸ்வுட் இனங்களும் பன்னாட்டுக் கட்டுப்பாட்டுக்குள் வந்தன. டிசம்பரில் தாராளமாக விற்று அனுப்பிய கிட்டாருக்கு ஜனவரியில் அனுமதிச் சீட்டு தேவைப்பட்டது. கருவி செய்பவர்களும் இசைக்குழுக்களும் மூன்றாண்டுகள் விடாமல் முறையிட்ட பிறகு, 2019 நவம்பர் 26 முதல் அந்தக் கெடுபிடி பெருமளவு தளர்ந்தது. ஆனால் எல்லா மரத்துக்கும் தளரவில்லை. எதற்குத் தளர்ந்தது, எதற்குத் தளரவில்லை என்ற கணக்கைத் தெரிந்துகொண்டால், பயணத்தில் பாதிக் கவலை தீர்ந்துவிடும்.

மூன்று பட்டியல்கள்

எல்லாவற்றுக்கும் அடிப்படை, சைட்டீஸ் என்ற பன்னாட்டு உடன்படிக்கை. 1973-இல் வாஷிங்டனில் கையெழுத்தாகி, 1975 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. இந்தியா 1976-இல் சேர்ந்தது. அழியும் நிலையிலுள்ள விலங்குகளும் தாவரங்களும் நாடுகளுக்கிடையே வணிகமாவதைக் கட்டுப்படுத்துவதே இதன் வேலை.

உடன்படிக்கையில் மூன்று பட்டியல்கள் உண்டு. முதல் பட்டியலில் இருப்பவை அழிவின் விளிம்பில் நிற்பவை. அவற்றின் வணிகம் ஏறத்தாழ முழுத் தடைக்கு உட்பட்டது. இரண்டாம் பட்டியலில் இருப்பவற்றை விற்கலாம், வாங்கலாம், அனுமதிச் சீட்டோடு. மூன்றாவது, ஒரு நாடு தன் எல்லைக்குள் காக்கும் இனத்துக்கு மற்ற நாடுகளின் துணையைக் கேட்டுச் சேர்ப்பது.

மரங்களைப் பொறுத்தவரை பட்டியல் எண்ணோடு வேலை முடியாது. பெயருக்குப் பக்கத்தில் ஓர் அடிக்குறிப்பு எண் இருக்கும். கட்டுப்பாடு மரத்தின் எந்த வடிவத்துக்குப் பொருந்தும் என்று அதுதான் சொல்லும். சில மரங்களுக்கு வெட்டிய கட்டையும் அறுத்த பலகையும் மட்டுமே கட்டுப்பாட்டில் வரும். செய்து முடித்த கருவி வராது. சிலவற்றுக்கு எல்லாமே வரும். கலைஞர் படிக்க வேண்டியது இந்த அடிக்குறிப்பைத்தான்.

மரம் மரமாக

மிகக் கடுமையான கட்டுப்பாடு பிரேசிலிய ரோஸ்வுட்டுக்கு. தாவரவியல் பெயர் டால்பெர்ஜியா நைக்ரா. 1992 ஜூன் 11-லிருந்து முதல் பட்டியலில் இருக்கிறது. 2019-இல் கிடைத்த தளர்வு இதற்குப் பொருந்தாது. பழைய கிட்டார்களின் முதுகிலும் பக்கங்களிலும் இந்த மரம் இருக்கும். கையில் இருப்பது இந்த மரமா என்று அறிய ஒரு நல்ல தடயம், செய்த ஆண்டு. அமெரிக்காவின் மார்ட்டின் நிறுவனம் 1969 வரை தன் புகழ்பெற்ற டி-28 கிட்டாருக்குப் பிரேசிலிய மரத்தைப் பயன்படுத்தியது. அதன் பிறகு இந்திய மரத்துக்கு மாறியது. ஒலித்துளை வழியே டார்ச் அடித்துப் பார்த்தால், கழுத்து உடலோடு சேரும் கட்டையில் வரிசை எண் தெரியும். அந்த எண் எந்த ஆண்டைச் சேர்ந்தது என்று நிறுவனத்தின் பட்டியல் சொல்லும். மரத்தையும் பார்க்கலாம். பிரேசிலிய மரத்தில் சிலந்தி வலைபோல் கறுப்புக் கோடுகள் குறுக்கும் நெடுக்கும் ஓடும், நிறம் காவி கலந்த பழுப்பு. இந்திய மரத்தின் ரேகைகள் நேராகவும் நிறம் ஊதா கலந்தும் இருக்கும். கண்ணால் பார்ப்பது சந்தேகத்தைத் தீர்க்கத் தொடக்கமே. முடிவைத் தேர்ந்த கருவி வல்லுநரிடம் எழுதி வாங்க வேண்டும்.

அந்த இந்திய மரம் நம் ஈட்டிதான், டால்பெர்ஜியா லாட்டிஃபோலியா. நீலகிரியிலும் ஆனைமலையிலும் வயநாட்டிலும் குடகிலும் வளர்வது. தமிழ்நாட்டில் இதற்கென்றே 1994-இல் ஈட்டி மரப் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவரப்பட்டது. அதன்படி, சொந்தப் பட்டாவில் நின்றாலும் அனுமதியின்றி வெட்ட முடியாத நிலை இருந்தது. ஈட்டி, சீசம், ஆப்பிரிக்க பிளாக்வுட், மத்திய அமெரிக்காவின் கொக்கோபோலோ எனப் பிரேசிலிய ரோஸ்வுட் தவிர்த்த எல்லா டால்பெர்ஜியா இனங்களும் இரண்டாம் பட்டியலில் இருக்கின்றன. ஆனால் 2019-இல் திருத்திய 15-ஆம் அடிக்குறிப்பு, செய்து முடித்த இசைக்கருவிகளுக்கும் அவற்றின் முடிந்த பாகங்களுக்கும் துணைப் பொருள்களுக்கும் விலக்கு அளிக்கிறது. ஈட்டி முதுகு வைத்த கிட்டாரோ, சீசத்தில் குடைந்த தபலாவோ, பிளாக்வுட் கிளாரினெட்டோ இன்று சைட்டீஸ் சீட்டு இல்லாமல் பயணிக்கலாம்.

இந்த விலக்கில் கவனிக்க வேண்டிய சொல் ‘முடிந்த’ என்பது. டொராண்டோவிலுள்ள கருவி வல்லுநருக்குக் கொடுக்கலாம் என்று ஓர் ஈட்டிப் பலகையைப் பெட்டியில் வைத்துக்கொண்டு போனால், அது கருவி ஆகாது, மரம்தான். இந்தியாவின் ஏற்றுமதி விதிகளும் குறுக்கே வரும். இதே மரத்தைச் சுற்றித்தான் கிப்சன் கிட்டார் நிறுவனத்தின் வழக்கும் சுழன்றது. 2009-இல் மடகாஸ்கர் கருங்காலிக்காகவும், 2011 ஆகஸ்டில் இந்தியாவிலிருந்து வந்த ஈட்டி, கருங்காலி விரல்பலகைகளுக்காகவும் அமெரிக்க அதிகாரிகள் அதன் தொழிற்சாலைகளில் சோதனை நடத்தினார்கள். 2012-இல் கிப்சன் 3 லட்சம் டாலர் செலுத்தி உடன்பாட்டுக்கு வந்தது. மடகாஸ்கர் மரத்தில் தவறு தெளிவாக இருந்தது. இந்திய மரத்தில் கேள்வியே வேறு: அரைகுறையாகச் செதுக்கிய விரல்பலகை அறுத்த மரமா, முடிந்த பாகமா? அந்த வகைப்பாட்டில் தெளிவில்லை என்பதை அமெரிக்க அரசே உடன்பாட்டில் ஒப்புக்கொண்டது. பெரிய நிறுவனத்துக்கே இத்தனை இழுபறி என்றால், தனி மனிதர் செதுக்காத கட்டையைத் தூக்கிக்கொண்டு போகாமல் இருப்பதே நல்லது.

வில்லின் தண்டாகும் பெர்னம்புகோவுக்கு வருவோம். பாரிஸ் வில் கலைஞர் பிரான்சுவா சேவியர் தூர்த் 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இன்றைய வில்லுக்கு வடிவம் கொடுத்தபோது தேர்ந்தெடுத்த மரம் இது. பிரேசிலின் அட்லாண்டிக் கடலோரக் காடுகளில் மட்டுமே வளர்கிறது; சிவப்புச் சாயத்துக்காகவே நூற்றாண்டுகளாக வெட்டித் தீர்த்த மரம். 2007-இல் இரண்டாம் பட்டியலுக்கு வந்தபோது செதுக்காத கட்டைகளுக்கு மட்டும் கட்டுப்பாடு இருந்தது. 2022 நவம்பரில் பனாமாவில் கூடிய சைட்டீஸ் மாநாட்டில் இதை முதல் பட்டியலுக்கு ஏற்றச் சொன்னது பிரேசில். கடைசியில் ஓர் இணக்கம் ஏற்பட்டது. அதன்படி, பிரேசிலிலிருந்து நேரடியாக வெளியேறும் முடிந்த வில்லுக்கும் அனுமதி தேவைப்பட்டது. மற்ற நாடுகளிலிருந்து மீண்டும் வெளியேறும் முடிந்த வில்லுக்கு விலக்கு கிடைத்தது. 2025 இறுதியில் சமர்கந்த் மாநாட்டின் மேசைக்கும் இதே மரம் வந்தது. வயலின் கலைஞர்கள் ஒவ்வொரு பயணத்துக்கும் முன்பு புதிதாக விசாரிக்க வேண்டிய மரம் என்றால் அது பெர்னம்புகோதான்.

மற்றவற்றைச் சுருக்கமாகப் பார்க்கலாம். ஆப்பிரிக்காவின் புபிங்கா இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. முடிந்த கருவிக்கு விலக்கு உண்டு. கருங்காலியில் மடகாஸ்கர் நாட்டு மரங்களே பட்டியலில் உள்ளன. கிட்டார் கழுத்தாகும் அமெரிக்க மஹோகனிக்கு கட்டையும் பலகையும்தான் கட்டுப்பாட்டில், கருவி இல்லை.

நம் கருவிகளில் என்ன இருக்கிறது

வீணைக்கும் மிருதங்கத்துக்கும் பலா. நாதஸ்வரத்துக்கு ஆச்சா, நரசிங்கம்பேட்டைக் கைவினைஞர்கள் இடித்த பழைய வீடுகளின் உத்தரங்களைத் தேடி வாங்கிக் கடைவது இந்த மரத்தைத்தான். இரண்டு மரங்களும் சைட்டீஸ் பட்டியலில் இல்லை. மேளக்காரர்களுக்கு இது பெரிய நிம்மதி.

ஆனால் மரம் தப்பித்தாலும் மற்ற பாகங்கள் மாட்டிவிடும். தாத்தா காலத்துத் தஞ்சாவூர் வீணையில் குடத்தின் விளிம்பிலும் தண்டியிலும் பதித்த வெள்ளை வேலைப்பாடு பிளாஸ்டிக்கா, மான் கொம்பா, தந்தமா என்று பார்த்தே ஆக வேண்டும். நாதஸ்வரத்தில் சீவாளிகளோடு தொங்கும் ஊசியும் முற்காலத்தில் தந்தத்தில் செய்யப்பட்டதுண்டு. ஆசிய யானை முதல் பட்டியலில் இருக்கும் உயிர்.

கஞ்சிராவின் நிலை இன்னும் கடினம். அதன் மரபான உடும்புத் தோல், சைட்டீஸின் முதல் பட்டியலிலும் இந்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையிலும் இருக்கும் விலங்கினுடையது. அதை வெளிநாட்டுக்குக் கொண்டுபோவது இருக்கட்டும். உள்நாட்டில் வாங்குவதும் விற்பதும்கூடச் சிறைத் தண்டனைக்குரிய குற்றம். ஆட்டுத் தோலிலும் செயற்கைத் தோலிலும் கஞ்சிராக்கள் கிடைக்கின்றன. பயணத்துக்கு அவைதான் வழி.

புல்லாங்குழல் எந்தப் பட்டியலிலும் இல்லை. அதற்கு வேறொரு வாசலில் சோதனை. 2013 டிசம்பரில் மொராக்கோவிலிருந்து நியூயார்க் வழியாகச் சென்ற ஒரு நாணல் குழல் கலைஞரின் பத்துக்கும் மேற்பட்ட கைவேலைக் குழல்களை, பூச்சி பரவும் அபாயமுள்ள மூங்கில் என்று சொல்லி விமான நிலையத்திலேயே அழித்துவிட்டார்கள். ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் இதில் மிகக் கண்டிப்பு. மரப் பொருள், தோல் பொருள் உண்டா என்று பயணி அட்டையிலேயே கேட்பார்கள். மிருதங்கத்தில் இரண்டுமே இருக்கின்றன. ‘ஆம்’ என்று எழுதிக் காட்டிவிட வேண்டும். சுத்தமாகவும் பூச்சி அரிப்பு இல்லாமலும் இருந்தால் பார்த்துவிட்டுத் தருவார்கள். மறைத்தது தெரிந்தால் அபராதம்.

சான்றிதழ்

பிரேசிலிய ரோஸ்வுட் கிட்டாரோ, தந்தம் வைத்த வில்லோ வைத்திருப்பவர் என்ன செய்வது? அதற்காக 2013-இல் பாங்காக் மாநாடு ஒரு வழி செய்தது. இசைக்கருவிச் சான்றிதழ் என்பது அதன் பெயர். கலைஞர்கள் வட்டாரத்தில் இதைக் கருவியின் பாஸ்போர்ட் என்றே சொல்வார்கள். அதிகபட்சம் மூன்று ஆண்டுகள் செல்லும். அதற்குள் எத்தனை முறை வேண்டுமானாலும் எல்லை தாண்டலாம். ஒவ்வொரு பயணத்துக்கும் தனித்தனி அனுமதி வாங்கி அலைய வேண்டியதில்லை.

நிபந்தனைகள் உண்டு. முதல் பட்டியலைச் சேர்ந்த பாகமானால், அந்த இனம் பட்டியலில் ஏறுவதற்கு முன்பே அது எடுக்கப்பட்டதற்கு ஆதாரம் வேண்டும்; பிரேசிலிய ரோஸ்வுட்டுக்கு அந்த நாள் 1992 ஜூன் 11. சான்றிதழ் காலாவதியாகும் முன்பு கருவி சொந்த நாடு திரும்ப வேண்டும். வெளிநாட்டில் இருக்கும்போது விற்கவோ வேறொருவருக்கு மாற்றவோ கூடாது. கச்சேரிக்குச் சன்மானம் வாங்குவதால் பயணம் வணிகமாகிவிடுமோ என்று பலர் பயப்படுகிறார்கள். ஆகாது. சம்பளத்துக்கு வாசிப்பதும், பதிவுசெய்வதும், கற்பிப்பதும், போட்டியில் கலந்துகொள்வதும் இந்தச் சான்றிதழின் வரம்புக்குள்தான் வருகின்றன.

கொடுப்பது அவரவர் வசிக்கும் நாட்டின் சைட்டீஸ் மேலாண்மை அமைப்பு. இந்தியாவில் சுற்றுச்சூழல், வனம், காலநிலை மாற்ற அமைச்சகத்தின் கீழ் இது இயங்குகிறது; துறைமுக, விமான நிலையச் சோதனைகளில் கைகொடுக்கும் வனவிலங்குக் குற்றக் கட்டுப்பாட்டுப் பிரிவுக்குச் சென்னையில் மண்டல அலுவலகம் உண்டு. இலங்கையில் வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களம், சிங்கப்பூரில் தேசியப் பூங்காக் கழகம், கனடாவில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம், அமெரிக்காவில் மீன், வனவிலங்குச் சேவை ஆகியவற்றை அணுக வேண்டும்.

சைட்டீஸ் சான்றிதழ் இருந்தால் எல்லா நாட்டுக் கதவும் திறக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. நாடுகள் தங்கள் சட்டத்தை இதைவிடக் கடுமையாக வைக்கலாம். அமெரிக்கா 2016-இல் கொண்டுவந்த விதிப்படி, ஆப்பிரிக்கத் தந்தம் உள்ள கருவியோடு வருபவர், அந்தத் தந்தம் 1976 பிப்ரவரி 26-க்கு முன்பு எடுக்கப்பட்டதைக் காட்ட வேண்டும். ஐரோப்பாவில் 2021 ஜனவரி முதல் பிரிட்டன் தனி, ஒன்றியம் தனி. லண்டனில் ஒரு கச்சேரி, பாரிஸில் ஒரு கச்சேரி என்றால் இரண்டு எல்லைச் சோதனைகளுக்குத் தயாராக வேண்டும்.

ஆதாரக் கோப்பு

அதிகாரி கேட்கும் முதல் கேள்வி, ‘இது என்ன மரம்?’ என்பது. ‘ரோஸ்வுட்’ என்ற கடைப் பெயர் பதிலாகாது. கடைக்காரர்கள் ஆப்பிரிக்க பிளாக்வுட்டைக் கருங்காலி என்று விற்பதுண்டு. ரோஸ்வுட் என்ற பெயரில் டால்பெர்ஜியாவே அல்லாத மரங்களும் விற்கப்படுகின்றன. தாவரவியல் பெயர் எழுத்தில் வேண்டும். அதனால் புதிய கருவி வாங்கும் நாளிலேயே, ஒவ்வொரு பாகத்துக்கும் மரப் பெயர் எழுதிய ரசீதைக் கேட்டு வாங்கிவிட வேண்டும்.

பழைய கருவிக்கு வல்லுநரின் மதிப்பீட்டுக் கடிதம் தேவை. வில்லின் நுனித் தகட்டை உருப்பெருக்கியில் பார்க்கும் வல்லுநர் எதைத் தேடுகிறார் என்பது சுவையான விஷயம். எலும்பாக இருந்தால் சிறு கரும்புள்ளிகளும் கோடுகளும் தெரியும். உயிரோடிருந்தபோது இரத்தக் குழாய்கள் ஓடிய வழி அது. தந்தத்தில் அந்தப் புள்ளிகள் இருக்காது. குறுக்கு வெட்டில் ஒன்றையொன்று வெட்டும் மெல்லிய வளைகோடுகள் தெரியும். அந்தக் கோடுகள் விரிந்த கோணத்தில் வெட்டினால் யானை, குறுங்கோணத்தில் வெட்டினால் பனிக்காலத்தில் அழிந்த மாமத். தகடு எலும்பு என்று அவர் எழுதித் தந்தால், அந்த ஒரு தாளே பெரிய சங்கடத்தைத் தவிர்க்கும்.

கடிதத்தோடு படங்களும் வேண்டும்: முழுக் கருவி, முன்னும் பின்னும், வரிசை எண் அல்லது முத்திரை, சந்தேகத்துக்கு இடமான ஒவ்வொரு பாகத்தின் நெருக்கப் படம். வாங்கிய ரசீது, காப்பீட்டு ஆவணம், பரம்பரைச் சொத்தானால் பழைய கச்சேரிப் புகைப்படம் எல்லாமே வயதுக்குச் சாட்சி. அசல் ஒரு கோப்பில், நகல் இன்னொரு பையில், வருடிய படி கைப்பேசியில்.

சில வேளைகளில் மிகச் சிறந்த ஆவணம், அந்தக் கருவியை வீட்டிலேயே விட்டுச் செல்வதுதான். கார்பன் நாரிழை வில்கள் இன்று கச்சேரித் தரத்தில் கிடைக்கின்றன. பல கலைஞர்கள் பயணத்துக்கென்றே ஒன்றை வைத்திருக்கிறார்கள். தந்தத் தகட்டை எடுத்துவிட்டு வேறு தகடு பொருத்துவதும் வழக்கத்துக்கு வந்துவிட்டது.

மரத்தின் பக்கம்

இத்தனை தாள்களையும் சுமக்கும்போது எரிச்சல் வருவது இயல்பு. ஆனால் இந்த விதிகளால் முதலில் பயன் பெறுபவர் கலைஞர்தான். பிரேசிலிய ரோஸ்வுட் ஒரு காலத்தில் சாதாரணக் கடைக் கிட்டாரிலும் இருந்தது. ஒரே தலைமுறையில் பழம்பொருளாகிவிட்டது. பெர்னம்புகோவுக்கும் அதே கதி நேராமலிருக்க, வில் செய்பவர்களே 2000-ஆம் ஆண்டில் பன்னாட்டுப் பெர்னம்புகோ பாதுகாப்பு முயற்சியைத் தொடங்கி பிரேசிலில் மரம் நட வழி செய்தார்கள். டெய்லர் கிட்டார் நிறுவனம் கேமரூனில் கருங்காலிக் கன்றுகளை வளர்க்கும் திட்டத்தை நடத்துகிறது. நீலகிரிச் சரிவில் இன்று முளைக்கும் ஈட்டிக் கன்று கருவிக்கு ஏற்ற பருமனை எட்ட ஒரு மனித ஆயுளுக்கும் மேலாகும். கருவி செய்பவரின் பேரப்பிள்ளைகளுக்கு மரம் கிடைக்க வேண்டுமென்றால் இந்தக் கட்டுப்பாடு வேண்டும்.

புறப்பாட்டிலிருந்து திரும்பும் வரை

அழைப்பு உறுதியான உடனே பாகங்களின் பட்டியலை எழுதத் தொடங்கலாம். சான்றிதழ் தேவைப்பட்டால் சில மாதங்களுக்கு முன்பே விண்ணப்பிப்பது பாதுகாப்பு. சைட்டீஸ் மாநாடு ஏறத்தாழ மூன்று ஆண்டுக்கு ஒருமுறை கூடும். முடிந்த 90 நாளில் அதன் திருத்தங்கள் அமலுக்கு வரும். அந்த இடைவெளியில் பயணம் விழுந்தால், போகும்போது ஒரு விதி, வரும்போது இன்னொரு விதி என்றாகிவிடக்கூடும்.

பயணச்சீட்டு எடுக்கும்போதே வழியையும் பார்க்க வேண்டும். சான்றிதழோடு செல்லும் கருவி, அதற்கென ஒதுக்கப்பட்ட விமான நிலையம் வழியாகவே பல நாடுகளில் நுழைய முடியும். அமெரிக்காவில் அந்தப் பட்டியல் குறுகியது. கருவி கலைஞரோடு அதே விமானத்தில் செல்வது நல்லது. தனிச் சரக்காக அனுப்பினால், சொந்த உடைமைக்குரிய சலுகைகள் கைநழுவிப் போகும்.

விமான நிலையத்தில் சுங்கத்தின் சிவப்பு வழியில் சென்று, கேட்பதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். சான்றிதழில் ஒவ்வொரு நாட்டிலும் நுழையும்போதும் வெளியேறும்போதும் முத்திரை விழுந்திருக்கிறதா என்று அங்கேயே நின்று சரிபார்ப்பது அவசியம். ஒரு முத்திரை விடுபட்டாலும் அடுத்த எல்லையில் கேள்வி எழும். கருவியை எடுத்து வைத்துக்கொண்டால் வாக்குவாதம் பயன்படாது. அதிகாரியின் பெயர், அலுவலகம், காரணம் எழுதிய பறிமுதல் ரசீது ஆகியவற்றைக் கேட்டு வாங்கிக்கொண்டு, அன்றே அழைத்த அமைப்புக்கும் சொந்த நாட்டு மேலாண்மை அமைப்புக்கும் தகவல் தர வேண்டும்.

சுற்றுப்பயணத்தின் நடுவே பிரடை உடைந்து வேறு மரத்தில் மாற்றினாலோ, வில்லுக்குப் புதுத் தகடு ஒட்டினாலோ, அந்த வேலைக்கான ரசீதில் மரத்தின் பெயரை எழுதச் சொல்லி சான்றிதழோடு சேர்த்து வைக்க வேண்டும். விவரக் குறிப்பும் கருவியும் பொருந்தாவிட்டால் சோதனை நீளும். ஊர் திரும்பியதும் கடைசி முத்திரையைப் பெற்று, காலாவதி நாளைக் குறித்து வைத்துவிட்டால், அடுத்த அழைப்பு வரும்போது பாதி வேலை முன்பே முடிந்திருக்கும்.